நான்கு வெளியீடுகளும் ஒரு முழங்கையும்

எங்கள் ராக் இசைக்குழுவின் பெயர் ‘ஷார்ட் சர்க்யூட்’. முதல் ஆல்பத்தின் பெயர் ‘ஃப்யூஸ் போச்சு’. பெயர் வைத்த நேரமோ என்னவோ, அதோடு நிஜமாகவே எங்களுக்கு ஃப்யூஸ் போய்விட்டது. இரண்டாவது ஆல்பம் வரவேயில்லை. ஆனால் அந்த ஒரே ஆல்பம் நான்கு முறை வெளிவந்தது. நான்கு முறையும் என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு சின்ன ஊருக்கே தெருவிளக்கு போட்டிருக்கலாம்.

குழுவில் மூன்றே பேர். டிரம்ஸ் நான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். பேஸ் கிடார் என் மனைவி. ஊருக்கே பல் பிடுங்கியவள் என்பதால் வீட்டிலும் அவள் எல்லோருக்கும் ‘டாக்டர்’தான். கிடாரும் பாட்டும் அவளுடைய தம்பி, என் மச்சினன். ஊர் அவனைக் ‘குயில்’ என்கிறது. அந்தப் பெயரை வைத்த ரசிகன் என் கையில் கிடைத்தால், இந்த வயதிலும் அவனை ஒரு கை பார்ப்பேன்.

பெயர் வந்தது முதல் வெளியீட்டில், அதாவது கேசட்டில். ‘கம்பி மேல நடந்தேன்’ பாட்டின் முடிவில் ஓர் உச்சத்துக்குப் போவான் பாருங்கள், கேட்டவர்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் விரிசல் விட்டன. அதே கேசட்டில் என் நீண்ட டிரம்ஸ் வாசிப்பும் இருக்கிறது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருக்கும். எனக்கு எட்டுக் கை என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. அந்தச் சத்தியத்தைச் செய்தவர் என் அம்மா ஒருவர்தான் என்பது வேறு விஷயம். மற்றவர்களுக்கெல்லாம் குயில், குயில், குயில்.

அட்டைப்படம் அதைவிட மோசம். நடுவில் குயிலின் முகம், பௌர்ணமி மாதிரி. ஒரு ஓரத்தில் டாக்டரின் தலைமுடி. இன்னொரு ஓரத்தில் என் இடது முழங்கை.

பாடல்களை இயற்றியவர் பெயரையாவது ஒழுங்காகப் போடலாம் என்றால் அதிலும் சண்டை. மெட்டு தன்னுடையது என்றான் அவன். தாளம் இல்லாத மெட்டு நொண்டிக்கொண்டுதான் போகும் என்றேன் நான். என் பெயர் முதலில் வராவிட்டால் அவன் பெயர் வரவே கூடாது. அவனுக்கும் அதே கொள்கை. கடைசியில் இருவர் வயிறும் எரியாத ஒரே வழியைக் கண்டுபிடித்தோம். பாடல்கள் அத்தனையும் டாக்டர் இயற்றியதாக அட்டையிலும் ஒப்பந்தத்திலும் போட்டுவிட்டோம். அவள் வந்து பார்த்து, “அட, நல்லா இருக்கே!” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

கேசட் ஓடியது. மேடைகள் வந்தன. மேடையில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. குயிலால் அந்த உச்சத்தைத் தொட முடியவில்லை. தூசி என்றான், பனி என்றான், மைக் சரியில்லை என்றான். என் டிரம்ஸிலும் அந்த ஆலங்கட்டி மழை பெய்யவில்லை. ஸ்டூல் உயரம் சரியில்லை என்றேன். “கேசட்ல மாதிரி இல்லையே” என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் தாளத்தை இழுக்கிறேன் என்று அவன் சொன்னான். அவன் தொண்டையைக் கஞ்சன் பணப்பையைத் திறப்பது போலத் திறக்கிறான் என்று நான் சொன்னேன். எலியும் பூனையுமாக இருந்து குழுவைக் கலைத்தோம்.

இரண்டாவது வெளியீடு சிடி. பாட்டுப் பதிவான மூல டேப் ரீல் தொலைந்துபோனதால், கேசட்டிலிருந்தே பிரதி எடுத்தார்கள். அட்டையில் குயிலின் முகம் இன்னும் பெரிதானது. என் முழங்கையில் பாதி போய்விட்டது. மூன்றாவது வெளியீடு இணையத்தில்; அதுவும் கேசட்டின் பிரதிதான். படம் தபால்தலை அளவு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் முழங்கை அகப்படவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாவது பரவாயில்லை, கடைசியில் ஒரு கட்டெறும்பு மிஞ்சியது.

ஆகவே நான்காவது வெளியீடு, அதுவும் பெரிய இசைத்தட்டாக, என்று செய்தி வந்தபோது நான் முடிவு செய்தேன்: இந்த முறை ஊர் என் கைகளைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்குள் எனக்கு எமன் வந்தால்கூட வாசலில் உட்காரவைத்துவிடுவது.

இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து வந்தவள் ஒரு பெண். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயர் ‘ஹெட்போன்’. அந்தக் காலத்தில் எங்கள் கேசட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்த கடைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, பீரோவுக்கு மேலே எங்கள் ரீல் கிடைத்ததாம். கேட்டுப் பார்க்க எங்கள் மூவரையும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டாள்.

சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டிய சின்ன அறை. குயில் பட்டு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

“என்ன மாப்ளே, பாடப் போறியா?”

“கேக்கறதுக்கும் தொண்டையைக் காப்பாத்தணும் அத்தான். உங்களுக்கு அதெல்லாம் புரியாது. கட்டையால அடிக்கற வேலைதானே.”

ஹெட்போன் ரீலை ஓடவிட்டாள். ‘கம்பி மேல நடந்தேன்’. முதல் வரியிலேயே ஏதோ மாதிரி இருந்தது. குயிலுக்குச் சளி பிடித்த பெரியப்பா ஒருவர் பாடுவது போல. அந்த உச்சம் வந்தது. வந்ததா? மாடிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் மூன்றாம் படியில் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“டேப் கெட்டுப்போச்சு” என்றான் குயில்.

“இல்ல சார்” என்றாள் ஹெட்போன். “இதுதான் சரியான வேகம். உங்க ஆல்பம் ரொம்ப நீளம். கடைக்காரர்கிட்ட இருந்த கேசட்ல அடங்கல. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துடுமேன்னு மெஷினோட வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி அடக்கிட்டாராம். வேகம் ஏறினா குரலும் மேல ஏறிடும் இல்லையா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பால் நழுவி என் வாயில் விழுந்தது! இத்தனை வருஷம் ஊர் கொண்டாடிய குயில், ஒரு கடைக்காரர் திருகிய திருகாணி! கைகொட்டிச் சிரித்தேன். என் கண்ணாடியே கழன்று விழுந்தது.

“உண்மைதாம்மா வெளியில வரணும்” என்றேன், நெஞ்சில் கை வைத்து. “கலைஞனுக்கு உண்மைதான் முக்கியம். இந்த வேகத்துலயே தட்டு போடுங்க. ஒரு நூல் ஏத்தக் கூடாது, ஒரு நூல் இறக்கக் கூடாது.”

குயில் மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் வாடுவதை ரசித்துக்கொண்டே, “அடுத்ததைப் போடும்மா” என்றேன்.

அடுத்தது என் டிரம்ஸ்.

டிப்போவில் இன்ஜின் சூடாகாத பஸ் ஒன்று குளிர்கால விடியலில் கிளம்பப் பார்க்குமே, அப்படி இருந்தது. ஆலங்கட்டி மழை எங்கே? இது சொட்டும் குழாய். டக்… டக்… யோசித்து… டக். ஒரே ரீல், ஒரே வேகம் என்பது ஒரு டைம் கீப்பருக்கு முன்பே உறைத்திருக்க வேண்டாமா? குயிலின் வீழ்ச்சியைப் பார்த்த குஷியில் உறைக்கவில்லை.

மஃப்ளருக்குள்ளிருந்து ஒரு கனைப்பு. “அத்தான், எட்டுக் கைன்னு சொன்னாங்களே. மிச்சம் ஆறும் அன்னிக்கு லீவா?”

“உன் குரல் மூணாம் படியில உக்காந்திருக்கே, அதைப் போய்த் தூக்கி விடுடா முதல்ல!”

திட்டிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்தோம். வாழ்க்கையில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே யோசனை வந்தது.

“ஏம்மா” என்றான் குயில் தேனொழுக, “ஜனங்க பழகின வேகத்தை மாத்தலாமா?”

“கூடவே கூடாது” என்றேன். “உண்மை எங்கேயும் ஓடிடாது. கேசட் வேகத்துலயே போட்டுடும்மா. மூணு பேர்ல ரெண்டு பேர் சொல்லிட்டோம்.”

டாக்டர் அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாங்களும் கேட்டோம். என் சொட்டும் குழாய்க்கு அடியில், தரையைத் தூக்குவது போல ஒரு பேஸ் கிடார் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டில் அது கொசுச் சத்தமாகத்தான் இருந்தது. இங்கே நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகில் உட்கார்ந்தது. நான் தடுமாறிய இடத்திலெல்லாம் அது என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருந்தது. முந்தைய பாட்டிலும் குயில் மூச்சு விட்ட இடங்களையெல்லாம் அதுதான் நிரப்பியிருந்தது.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் டாக்டர். “கேசட்டைப் போட்டுட்டுக் கூட வாசிச்சா ஒவ்வொரு கம்பியையும் இறுக்க வேண்டியிருந்துது. சொன்னேன். என் கிடார்ல கோளாறுன்னு ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னீங்க. நீங்க ஒண்ணா சொன்னது அது ஒண்ணுதான்னு நானும் விட்டுட்டேன்.”

“அக்கா, அதுக்காக…”

“வாயை மூடுடா. நான் சொல்றப்ப திற.” பல் பிடுங்கும் குரல் அது, குயிலுக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் ஹெட்போன் பக்கம் திரும்பினாள். “பாட்டெல்லாம் யார் பேர்லம்மா இருக்கு?”

“உங்க பேர்லதான் டாக்டர். நீங்க சரின்னு சொன்னாதான் எதையும் போட முடியும்.”

“அப்ப, சரியான வேகத்துல போடுங்க.”

“என்னங்க டாக்டர்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“கலைஞனுக்கு உண்மைதானே முக்கியம்?” என்றாள், நெஞ்சில் கை வைத்து. அச்சு அசல் என் மாதிரியே.

தட்டு வெளிவந்தது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் பேஸ் கிடாரைப் பற்றித்தான் எழுதினார்கள். பாட்டையும் டிரம்ஸையும் ‘அடக்கமானவை’ என்றார் ஒருவர். அடக்கமாம்! அட்டை புத்தம் புதிது. முழு அட்டையிலும் டாக்டரின் விரல்கள், கம்பிகளின் மேல். பின்னால் மங்கலாக, குயிலின் மூக்கும் என் முழங்கையும் பக்கத்துப் பக்கத்தில். முழங்கை முழுசாக வந்திருக்கிறது, அது வரைக்கும் லாபம்.

இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் கையெழுத்து வாங்க ஆள் வந்தபடி இருக்கிறது. ஒருவன், “சார், நீங்க டாக்டரோட கணவரா?” என்று கேட்டான். டிரம்ஸ் வாசித்தவன் என்றேன். “ஓ, டிரம்ஸும் இருக்கா?” என்றான். அவனுக்கு டீயில் சர்க்கரை போடவில்லை.

குயில் தினமும் மாலையில் வருகிறான். இருவரும் சமையலறை ஸ்டூல்களில் உட்கார்ந்து, முன்னறையிலிருந்து வரும் கைத்தட்டலைக் கேட்டபடி வயிறெரிகிறோம். தனியாக எரிவதைவிட இது எவ்வளவோ சுகம்.

நேற்று டாக்டர் வாசல்வரை யாரையோ வழியனுப்பப் போனாள். நாங்கள் பூனை நடை நடந்து எங்கள் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த பெட்டியிடம் போனோம். அதன் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்னக் குமிழ் உண்டு. குயில் அதை மெல்ல மேலே தள்ளினான். குரல் படியேறியது, மாடியைத் தாண்டியது, வானத்துக்குப் போனது. ஆலங்கட்டி மழை கொட்டியது.

“அத்தான், கையா அது? மின்னல்!”

“நீ குயில்டா மாப்ளே!”

“ரெண்டு பேரும் கையை எடுங்க அதுலேர்ந்து!” என்று வாசலிலிருந்து டாக்டரின் குரல். சரியான வேகத்தில்.