பித்தப்பை மணல்

ராசுவுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும், சுருண்டு விழுந்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் கணையம் வீங்கியிருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. ஏன் வீங்கியது என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. ஜெகதாப்பட்டினத்துக்காரர்களுக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. குடிக்கிறான், அவ்வளவுதான்.

முனி கோயிலில் குடியை விடுவதாகக் கயிறு கட்டியபிறகுதான் முதல் வலியே வந்தது. கட்டிய நாளிலிருந்து அவன் ஒரு சொட்டும் தொடவில்லை, விழித்திருக்கும்போது. தூக்கத்தில் குடித்தான். ஐஸ் கம்பெனியில், அவன் வேலை பார்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே யாரோ கிளாஸை நீட்டுவார்கள், வாங்கிக்கொள்வான். விடிந்ததும் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பான். நாளாக நாளாக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மனைவி செவந்திக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கு எடுக்கப்போகும் டெஸ்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அவள் பொன்னமராவதிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுவாள். சாயங்காலம் அண்ணன் வேன் கொண்டுவருகிறார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதக் கழட்டிருங்கண்ணே."

"கழட்டுனா விரதம் விட்டுப்போயிரும்மா. வேணாம்."

"கயித்துக்கு என்ன, கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் செவந்தி, சுவரைப் பார்த்தபடி. "கட்டுனது கையிலதானே. வாயில இல்லையே."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றின் மேல் பிளாஸ்திரியைச் சுற்றினாள்.

டாக்டர் சிவரஞ்சனி ஒரு நீளக் குழாயைக் காட்டினார். "நுனியில குட்டி ஸ்கேன் இருக்கு. வாய் வழியா உள்ள போயி, கணையத்துக்குப் பக்கத்துலயே நின்னு பாப்போம். தூங்க ஊசி போட்டுருவோம்."

"தூங்கணுமா?" என்றான் ராசு. கனவில் குடித்ததெல்லாம் உள்ளே தெரிந்துவிடுமோ?

ஊசி ஏறியது. கூரை விளக்கு ஐஸ் கட்டியாகி மிதந்தது. தொட்டிகள் வந்தன. கிளாஸும் வந்தது. அப்போது தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "அங்கேயே நிறுத்துங்க. பித்தப்பைக்குள்ள பாருங்க, மணல் மாதிரி." காலடியில் ஈர மணல். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அவன் நடந்துகொண்டே இருந்தான்.

கண் விழித்தபோது டாக்டர் செவந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நொய்யரிசியவிடப் பொடிக் கல்லும்மா. வயித்து மேல வச்சுப் பாத்த ஸ்கேன்ல தெரியல. நழுவி வந்து கணையக் குழாயோட வாய அடைக்குது. பித்தப்பைய எடுத்துட்டா பெரும்பாலும் திரும்ப வராது."

"அப்ப குடி?"

"ஒரு சொட்டுக் குடிக்காதவங்களுக்கும் இது வரும்மா."

டாக்டர் போனபிறகு செவந்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏன்யா, இத்தனை பேச்சுப் பேசுனேனே. ஒரு தடவையாச்சும் திருப்பிக் கத்தியிருக்கலாம்ல?"

"எனக்கே தெரியலடி." தொண்டை இன்னும் மரத்திருந்தது. "தெனம் கனவுல குடிச்சேன்."

"கனவுலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது.

போன் அடித்தது. அண்ணன் திருமயம் தாண்டிவிட்டாராம்.

"வாண்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்னையக் கூட்டிட்டுப் போக இல்ல. மாப்ளைக்கு ஆபரேஷனாம். நீயும் கூட நில்லு."