கடைசி டிரம்மின் அளவு

டிரம்மில் நல்ல தண்ணீர் ஐம்பது லிட்டர் கோட்டைத் தொட்டதும் மோட்டார்காரன் குழாயை மூடினான். மீதி நூற்றைம்பது லிட்டரும் போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். ஆறு பாத்திக்கு ஆறு டிரம், எல்லாவற்றுக்கும் இதே கலப்பு. உப்புத் தண்ணீரில் பீட்ரூட் தேறுமா என்று பண்ணையை நடத்தும் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் தினமும் லாரியில் வந்தது, செடிக்கு மட்டும். பக்கத்து ஊர்க் குழாய்கள் வறண்டு இரண்டு வருஷமாகிறது. பண்ணை மூலையில் தகரக் கொட்டகையில் குடியிருந்த அவனும் அவன் மனைவியும் குடித்ததும் பொங்கியதும் போர்த் தண்ணீரில்தான்.

அவளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை பிரஷர் பார்த்தாள்.

"உப்பைச் சுத்தமா கொறைக்கணும்மா. இப்படியே ஏறிச்சுன்னா வலிப்பு வந்துடும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

"சோத்துக்கு உப்பு போட்டு மாசக்கணக்காச்சு சிஸ்டர்," என்று அவள் சிரித்தாள். "அந்தச் செலவு எங்களுக்கு மிச்சம். தண்ணியிலயே சேர்ந்து வருது."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அப்போ தண்ணிய மாத்துங்க," என்றாள்.

அன்று மாலையே அவன் மேனேஜர் முன் போய் நின்றான்.

"ஒரு கேன் போதும் சார். அவ குடிக்கிறதுக்கு மட்டும். புள்ள பொறக்கற வரைக்கும்."

"உனக்குத் தெரியாததா? அளவு தப்பினா மொத்த சோதனையும் வீண்." மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு நீ கேப்ப, நாளைக்குக் களையெடுக்கறவங்க கேப்பாங்க."

"அவளுக்குக் கண்ணுல பூச்சி பறக்குதுங்குறா சார்."

"வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு."

மறுநாளிலிருந்து கடைசி டிரம்மில் நல்ல தண்ணீர் முப்பத்தைந்து லிட்டர்தான் விழுந்தது. குறைந்த பதினைந்தை அவன் போர்த் தண்ணீரால் நிரப்பினான். கேனைக் கோணியில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். அவள் முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "சப்புனு இருக்கு," என்றாள். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டாள். ஒரு வாரத்தில் தலைவலி விட்டது. பத்தாம் நாள் செருப்பு நுழைந்தது. "பாருங்க," என்று காலை நீட்டிக் காட்டினாள்.

அதே பத்தாம் நாள் ஆறாவது பாத்தியில் இலை ஓரங்கள் நெருப்புப் பட்டதுபோலக் கருகியிருந்தன. மூன்று வாரக் கன்றுகள். மேனேஜர் கடைசி டிரம்முக்குள் உப்பளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தார். நேராகக் கொட்டகைக்கு நடந்தார். கேனில் பாதி மீதமிருந்தது.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்," என்றார். "ரெண்டு பேரும் இன்னைக்கே கெளம்புங்க."

"என்னை நிறுத்துங்க சார், தப்பு என்னோடது. அவளாவது பிரசவம் வரைக்கும் இங்க இருக்கட்டும். இந்த ஒடம்போட எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"வேலைக்காரனுக்குத்தான்ப்பா குடியிருப்பு."

அவன் அவர் காலைத் தொடக் குனிந்தான். மேனேஜர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டு, போனில் யாரிடமோ பேசத் தொடங்கினார். மதியம் பணம் போட்டவர்கள் பார்வையிட வருகிறார்களாம்.

பாத்திரமும் துணியும் இரண்டு மூட்டைதான். பஸ்ஸுக்குப் போகும் வண்டிக்காக இருவரும் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மறுபடியும் பறக்குதா?"

"கொஞ்சமா."

வேலிக்கு உள்ளே முதல் பாத்தி அருகில் நல்ல தண்ணீர் லாரியை நிறுத்தியிருந்தார்கள். களையெடுக்கும் பெண்கள் நான்கு பேர் வாளியும் துணியுமாகக் குந்தியிருந்தார்கள்.

"இலையில உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கறது ஒண்ணும் தெரியக்கூடாது. நல்ல தண்ணியா ஊத்தித் தொடைங்க," என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே வரப்பில் நடந்தார். "அளவெல்லாம் பாக்காதீங்க. போட்டோவுல பளிச்சுனு இருக்கணும்."

பெண்கள் ஒவ்வொரு இலையாக ஏந்திக் கழுவினார்கள். வாளி காலியாகக் காலியாக லாரிக் குழாயைத் திறந்து நிரப்பினார்கள். கழுவிய நீர் வரப்பில் வழிந்து, வேலிக்கு அடியில் புகுந்து, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளின் கால் விரல்களை நனைத்துக்கொண்டு ரோட்டுப் புழுதியில் இறங்கியது.