ஔ மட்டும் பாக்கி

செல்வகுமாருக்குக் கவிதை எழுத வரும் என்பது கல்யாணத்துக்கு முன்பே புனிதாவுக்குத் தெரியும். கல்யாணத்தோடு எழுதுவதை விட்டவன் இப்போது யாருக்கு எழுதுகிறான் என்பதுதான் தெரியவில்லை.

அவன் குளிக்கப் போயிருந்தபோது செல்போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். 'ஆண்டோ மண்டி' என்ற பெயருக்குத் தினமும் ஒரு வரி போயிருந்தது.

'அருகில் நீ இருந்தால் அடுப்படியும் அழகு.'

'ஆறிய காப்பியும் உன் கையால் இனிக்கும்.'

அப்படியே அகர வரிசையில் 'ஓ' வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு சிவப்பு இதயம், 'சூப்பரு, அடுத்தது ஜல்தி.'

பெண்ணின் நம்பரை ஆண் பெயரில் பதிந்து வைப்பதெல்லாம் அவள் கேள்விப்படாததா? அதைக்கூடப் பொறுத்திருப்பாள். 'ஊதி ஊதி நீ கொடுத்த கஞ்சியில் என் காய்ச்சல் போனது' என்ற வரியில்தான் வயிறு எரிந்தது. அந்தக் கஞ்சி அவள் வைத்தது.

அவன் வேலைக்கு ரயிலேறிப் போனதும் விழுப்புரத்தில் பஸ் பிடித்தாள். திண்டிவனத்தில் அவன் வேலை பார்க்கும் மல்லாட்டை மண்டிக்குள், வேர்க்கடலை மூட்டைகளைத் தாண்டி அவள் நுழைந்ததும் பில் போட்டுக்கொண்டிருந்த செல்வகுமார் பதறி எழுந்தான்.

"இன்னா புனிதா? வீட்ல யாருக்கு இன்னா?"

"ஆண்டோவக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"ஏன், வரமாட்டாளா?"

"வரமாட்டாளாவா!"

அவன் குரல் கொடுத்ததும் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மல்லாட்டைத் தொலி ஒட்டிய தாடியோடு ஓர் ஆள் வந்தான். "வணக்கம் அண்ணி!"

அப்போதும் புனிதா நம்பவில்லை. கணவனின் செல்போனைப் பிடுங்கி அந்த நம்பரை அழுத்தினாள். தாடிக்காரனின் சட்டைப்பையில் மாதா பாட்டு ஒலித்தது.

ஆண்டோ நெளிந்தான். "தையல் கடையில அக்னஸ்னு ஒரு பொண்ணு, அண்ணி. கட்டிக்கிறியான்னு கேட்டேன். 'அ'லேர்ந்து 'ஔ' வரைக்கும் வரிசையா கவிதை எழுதிக்கினு வா, அப்புறம் பாக்கலாம்னுச்சு. எனக்கு மூட்டைதான் தூக்க வரும். அண்ணன் எழுதித் தர்றாரு. இன்னும் 'ஔ' மட்டும் பாக்கி."

புனிதா கணவன் பக்கம் திரும்பினாள். "சரி, எழுதிக் குடுத்தீங்க. என் கஞ்சிய எதுக்கு அந்தப் பொண்ணுக்குக் குடுத்தீங்க?"

"எனக்கு வேற இன்னா தெரியும்?" செல்வகுமார் தரையைப் பார்த்தான். "நான் பாத்தது உன்னத்தான்."

அவள் முகம் இளகப் பார்த்தது, விடவில்லை. ஆண்டோவிடம், "'ஔ'வ நீயே எழுது. மத்ததெல்லாம் யாரு எழுதினதுன்னும் சொல்லிடு. இல்லன்னா அந்தப் பொண்ணும் ஒருநாள் என்ன மாதிரி வந்து நிக்கும்" என்றாள்.

சாயங்கால ரயிலில் இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கேட்டாள்: "எனக்கு ஒரு 'ஔ' சொல்லுங்க. யாருக்கும் குடுக்காதது."

முண்டியம்பாக்கம் தாண்டியும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

"விழுப்புரம் வர்றதுக்குள்ள வரலன்னா," என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள், "ராத்திரிக்குக் கஞ்சிதான்."