அறுபதாவது கம்பம்

மீட்டர் ரீடிங் எடுப்பவரின் சைக்கிள் தினமும் மாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் வீட்டு வாசலில் நிற்காமல் தாண்டிப் போனது. மாதம் பிறந்தால் ஒரு மின்கம்பம் கூடுதலாகப் போகும். முந்தைய மாதம் பதின்மூன்றாம் எண் கம்பம் வரை போய்த் திரும்பியது என்றால், இந்த மாதம் முழுக்கப் பதினான்கு. வீடு பன்னிரண்டாம் கம்பத்தடியில் இருந்தது. அந்தச் சாலையில் மொத்தம் அறுபது கம்பங்கள். அறுபதாவதுக்கு அப்பால் சாலையும் இல்லை, கம்பமும் இல்லை. கைவிட்ட கல்குவாரியின் தண்ணீர்தான் இருந்தது.

காரணம் இடது பெடல். பழைய ரப்பர் பெடல்கள் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு மழை நாளில் கால் நழுவி முழங்கால் சிராய்த்துக்கொண்டபோது, இனி நல்ல ஜோடியாகப் பார்த்து மாட்டுவது என்று மீட்டர்காரர் முடிவு செய்தார். எதையும் பாதி செய்யாத மனிதர். சைக்கிள் கடைக்காரர் பலகையில் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் தன் கான்வாஸ் ஷூவுக்கு அடியில் பொருத்திப் பார்த்தார். பிளாஸ்டிக் லேசாக இருந்தது, ஆனால் வெயிலில் வெடிக்கும் என்றார். அலுமினியத்தில் முனை ஊசிகள் இருந்தன, பிடிப்பு நன்றாக இருக்கும், கெண்டைக்காலில் பட்டால் தோலை உரிக்கும் என்றார். புது ரப்பர் அகலம் போதாது, பாதத்தின் முன்பாதி முழுதும் உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு இருநூறு வீடு ஏறி இறங்குகிறவனுக்கு அதுதான் முக்கியம் என்றார். கடைசியில் சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய இரும்பு ஜோடியைக் கைகாட்டினார். அகலம், பல் பல்லான ஓரம், உள்ளே பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டும் பழைய வகை. கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: அது குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கிய சைக்கிளில் இருந்தது, சைக்கிள் கிடைத்தது, ஓட்டினவன் கிடைக்கவில்லை. இரும்புக்கு அதெல்லாம் தெரியுமா என்று கேட்டுவிட்டு மீட்டர்காரர் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி தையல்காரி. சீருடைகளும் தலையணை உறைகளும் தைப்பவள். புருஷன் கொஞ்சம் காற்று வாங்கப் போகிறார் என்று முதல் வருஷம் அவள் நினைத்துக்கொண்டாள். அதே வீட்டில் இருந்த நாத்தனாருக்கு வேறு நினைப்பு. "அண்ணி, எதுக்கும் பதினேழாம் கம்பத்துல யாரு குடியிருக்காங்கன்னு விசாரிச்சு வைங்க," என்றாள். அங்கே ஒரு மர அறுவை மில்தான் இருந்தது என்று தெரிந்தபின் அவளும் கேலியை நிறுத்திக்கொண்டாள். மீட்டர்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஏறி மிதித்தபின் பாதம் பெடலை விட்டு எழுவதில்லை, ஹேண்டில் திரும்புவதில்லை, குறித்த கம்பம் வந்ததும் சைக்கிள் தானே திரும்பிவிடுகிறது. ஊர்க்காரர்கள் சரி என்றார்கள். சிலர் அவர் தாண்டுவதை வைத்துக் கடிகாரம் திருத்தினார்கள்.

தையல்காரி கவனித்தது காலுறைகளைத்தான். முதல் வருஷம் நுனி மட்டும் ஈரமாக இருந்தது, வேர்வை என்று விட்டாள். இரண்டாம் வருஷம் கணுக்கால் வரை. மூன்றாம் வருஷம், மண் வெடித்துக் கிடந்த கோடையில், பேண்ட் முழங்கால் வரை நனைந்து பாசி வாடையோடு திரும்பி வந்தது. பிழிந்தால் பச்சையாகத் தண்ணீர் இறங்கியது. அன்றிலிருந்து அவள் கம்பங்களை எண்ண ஆரம்பித்தாள். அளவு நாடாவில் எண்ணுகிறவள், தப்பு வராது.

சும்மாவும் இருந்துவிடவில்லை அவர்கள். இரண்டாம் வருஷமே மீட்டர்காரர் பெடல்களைக் கழற்றப் பார்த்தார். வலதை ஸ்பேனர் போட்டுச் சுழற்ற, வந்துவிட்டது. அதே சூட்டில் இடதையும் அதே பக்கமாகவே திருப்பினார். இடது பெடலின் திருகு மரை தலைகீழ் என்பது அவருக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு மறந்துபோனது. வரவில்லை என்றதும் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றார். கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஓர் ஆளின் முழு எடையால் அதை இறுக்கினார். பிறகு கடைக்காரர் வந்து சரியான பக்கம் திருப்பிப் பார்த்தபோது குழாய்தான் வளைந்தது. வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெடலை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையும் சைக்கிள் போனது. இடது ஒன்றே போதுமாக இருந்தது. மூன்றாம் வருஷம் சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னலோடு பூட்டி வைத்தார்கள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீட்டர்காரர் எழுந்து, இடது காலை வட்டம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டு நடந்தே போய், பாதமெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தார். போகத்தான் வேண்டுமென்றால் சைக்கிளிலேயே போகட்டும் என்று தையல்காரி பூட்டைத் திறந்துவிட்டாள்.

இதற்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பை அவர் விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இடது பெடலின் மூடியைக் கழற்றி, பால்ஸை ஒவ்வொன்றாகத் தட்டில் எண்ணி வைத்து, மண்ணெண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, புது கிரீஸ் தடவி அடுக்கி, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்ப்பார். தன்னைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிற பொருளைச் சிக்கில்லாமல் சுற்றும்படி பார்த்துக்கொள்ள அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

ஐம்பத்தைந்தாம் கம்பம் நடந்த மாதம் தையல்காரி கடைக்காரரிடம் போனாள். அவர் வீல் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கழட்ட வேற வழியே இல்லையாண்ணே?"

"நாம கழட்டுனா வராதும்மா. அதுவா கழண்டாத்தான் உண்டு."

"அதுவா எப்படிக் கழலும்?"

கடைக்காரர் பெடல் மாட்டும் ஒரு பழைய கிராங்கை எடுத்துக் காட்டினார். பெடல் நன்றாகச் சுற்றுகிறவரை, மிதிக்க மிதிக்க மரை இறுகத்தான் செய்யும். இடதுக்குத் தலைகீழ் மரை வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் உள்ளே பால்ஸ் சிக்கிப் பெடல் சுற்றாமல் நின்றுபோனால், அதே மிதி மரையைத் திருப்பிக் கழற்றிவிடும்.

"உன் வீட்டுக்காரரு கிரீஸ் போடுற அழகுக்கு அது நூறு வருஷம் சுத்தும்," என்றார்.

தையல்காரிக்கு எண்ணெய் காணாத மெஷின் எப்படி நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தாள். சீருடை தைத்து மிஞ்சிய மெல்லிய நீலத் துணியில் மணலைச் சலித்தாள், மாவுபோல வந்ததை மறுபடி சலித்தாள், கிரீஸ் டப்பாவில் கொட்டிக் குச்சியால் கலக்கி, மேலே மழமழவென்று தடவி மூடிவைத்தாள். நாத்தனார் பார்த்துவிட்டாள். மறுநாள் அவளே ஒரு படி மணல் அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மீட்டர்காரர் அந்தக் கிரீஸை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். தேய்த்துக்கொண்டே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஊசிக்கடியில் துணி இல்லை. பிறகு அவர் வழக்கம்போல் பால்ஸைச் சுற்றிக் கிரீஸ் அடைத்து மூடினார். அந்த வாரமே பெடல் நறநறக்க ஆரம்பித்தது. ஆட்டம் கண்டபோதெல்லாம் கோனை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். ஐம்பத்தெட்டில் சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டது. ஐம்பத்தொன்பதில் அவர் மார்பு வரை நனைந்து வந்தார், சட்டைப் பையில் இருந்த ரீடிங் புத்தகம் ஊறிப் போயிருந்தது, பெடல் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

முதல் தேதி மாலை, இந்த முறை சைக்கிள் திரும்பாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடுமோ என்று பயந்து, தையல்காரியும் நாத்தனாரும் முன்கூட்டியே போய் அறுபதாவது கம்பத்தடியில் நின்றார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் நறநறப்பு கேட்டது, கிட்டே வரவர அது கீச்சென்று உயர்ந்து, ஐம்பத்தொன்பதாம் கம்பத்தைத் தாண்டியதும் சட்டென்று நின்றது. பெடல் சிக்கிவிட்டது. ஆனால் கால் நிற்கவில்லை, சைக்கிளும் நிற்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் மரை ஒரு சுற்று வெளியே வந்தது. தையல்காரி வாய்விட்டு எண்ணினாள். எட்டு எண்ணும்போது முன்சக்கரம் கம்பத்தைத் தொட்டது. ஒன்பதில் பெடல் கிராங்கை விட்டுப் பிடுங்கிக்கொண்டது, மீட்டர்காரர் கரையில் விழுந்தார். பெடல் அவர் இடது ஷூவின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, கால் தண்ணீர்ப் பக்கமாகத் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. நாத்தனார் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொள்ள, தையல்காரி தன் கத்தரியால் ஷூ நாடாவை வெட்டி உருவி விட்டாள். ஷூ பெடலோடு நாலைந்து தப்படி தானாகவே போய், தண்ணீரில் இறங்கி, மூழ்கியது. இறங்கிய இடத்தில் நீர் வளையம் ஒன்றுகூட எழவில்லை.

மீட்டர்காரர் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரீஸ்ல மண்ணு கலந்தது நான்தாங்க," என்றாள் அவள்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"மொத ஞாயித்துக்கெழமையே. நீல நூலு ஒன்னு கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"நீ சலிச்சதாச்சே," என்றார் அவர்.

இப்போது அவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் ஊசி வைத்த அலுமினியப் பெடல்கள் இருக்கின்றன. கெண்டைக்காலை உரிக்கத்தான் செய்கின்றன, ஆனால் வாசலில் நிற்கின்றன. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் இடது கால் மட்டும் சுழல ஆரம்பிக்கிறது. அதற்குத் தையல்காரி தன் மெஷினடியில் இடம் கொடுத்திருக்கிறாள். வட்டச் சுழற்சியை மெஷினின் மிதிபலகைக்கு ஏற்ற தட்டலாக மாற்றப் பழக ஒரு வாரம் ஆயிற்று. இப்போது அவர் மிதிக்க, அவள் துணியை நகர்த்த, ஒன்றரை மணி நேரத்தில் ஆறேழு தலையணை உறைகள் முடிந்துவிடுகின்றன. மாதம் பிறந்தால் கால் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. முடிந்ததும் அவள் இடது காலுறையைக் கழற்றி, பச்சைத் தண்ணீரைப் பிழிந்து, கொடியில் போடுகிறாள். மெஷினின் தலைப்பலகையில் எண்ணெய்க் குப்பியும், அதற்குப் பக்கத்தில் சலித்த மணல் நிரம்பிய டப்பாவும் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள் என்பதால் அவர் கேட்பதில்லை.