போற வழிதானே

அழகுராஜாவின் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால், அது 'முடியாது'. போடிக்கும் குரங்கணிக்கும் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வராமல் போனால் என்ன கதி என்பதை அவன் பொண்டாட்டி அனுப்பிரியாவிடம்தான் கேட்க வேண்டும். காலையில் எஸ்டேட்டுப் பெண்களை ஏற்றிப் போக வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சோலி அவ்வளவுதான். ஆனால் வழியெல்லாம் கை நீளும். "அப்பு, போற வழிதானே, இந்தத் தூக்குவாளிய எங்க அக்கா வீட்டுல குடுத்துரு." "அண்ணே, போற வழிதானே, ரேசன் கடை தொறந்திருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துருங்க." ரேஷன் கடை எந்த ஊரில் போற வழியில் இருக்கிறது என்று இந்தப் புண்ணியவான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவனும் பாவம், சோம்பேறி இல்லை. நாளெல்லாம் ஓடுவான். ஆனால் பொழுது சாயும்போது ஊரார் சோலி எல்லாம் முடிந்திருக்கும், அவன் சோலி மட்டும் அப்படியே கிடக்கும்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. ஜீப்பு முதலாளி மாதக் கடைசியில் வண்டியை விற்கப் போகிறார். போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட ஆள் கேட்டார்கள். ஹெவி லைசென்ஸ் இருந்தால் வேலை அவனுக்குத்தான். அந்த டெஸ்டுக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கோட்டை விட்டான். முதல் முறை யாரோ வீட்டு கேஸ் சிலிண்டர். அடுத்த முறை, பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்த ஆட்டுக்கு வைத்தியரைக் கூட்டிவரப் போய்விட்டான். ஆடு பிழைத்துக்கொண்டது. எல்.எல்.ஆர். நாளையோடு முடிகிறது. இன்று மூன்று மணிக்குள் தேனி ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் நிற்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, பள்ளிக்கூடம் அதுவரை காத்திருக்காது.

அனுப்பிரியா ஏலக்காய் ஆயும் ஸ்டோரில் வேலை செய்கிறாள். கை காயைப் பொறுக்கும், காது போனில் யோசனை கேட்கும். காலையில் சாம்பிள் கவர் ஒன்றைப் பிரித்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். 'ஒண்ணு: டெஸ்ட். ரெண்டு: டெஸ்ட். மூணு: மத்ததெல்லாம்.'

"சோலி நேரத்துல போன அமத்தி வைக்கணுமாம். வீடியோவுல ஒரு அக்கா சொல்லுச்சு."

"யாராச்சும் அவசரத்துக்குக் கூப்பிட்டா?"

"அதுக்குத்தான் அமத்தச் சொல்றேன். இன்னைக்கு யாரு கை காட்டுனாலும் வண்டி நிக்கக் கூடாது. ஸ்டோர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு இனிமே பஸ் டிரைவருன்னு. என் மானத்த வாங்கிறாதீக."

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். போனை அமத்தினான். டெஸ்டுக்கான தாளெல்லாம் வைத்த பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

முந்தலில் கன்னையன் டீக்கடை. மலையேறுமுன் அங்கே டீ குடிக்காமல் ஜீப்பு நகராது. கிளாஸ் பாதி காலியாகுமுன் எஸ்டேட்டுக்குப் போகும் மொக்கம்மாள் கூப்பிட்டாள். "அப்பு, இந்தக் கூடைய ஒரு கை தூக்கி வச்சிரு." பைலைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்த் தூக்கி வைத்தான். அடுத்து இன்னொருத்தி சாக்கு, அப்புறம் ஒரு மண்வெட்டி. நேரமாச்சு என்று எல்லாரும் சத்தம் போட, ஓடி வந்து வண்டியை எடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குக் குரங்கணியிலிருந்து இறங்கும்போது அவன் வேறு ஆள். முதல் வளைவில் ஒருவர் கை காட்டினார். "முடியாதுண்ணே!" சொன்ன வாய் அவனுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகம். இரண்டாவது ஆளுக்கும் அதேதான். மூன்றாவதில் கொஞ்சம் ருசிகூடத் தட்டியது. முந்தலில் கன்னையன் நடுரோட்டுக்கே வந்து இரண்டு கையையும் ஆட்டினார். பதினைந்து வருஷப் பழக்கம். அழகுராஜா பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி வளைத்து, "இன்னைக்கு முடியாதுண்ணே!" என்று கத்திவிட்டுப் பறந்தான். அவர் கண்ணாடியில் சின்னதாகிப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஆனாலும் ஒன்றே முக்காலுக்குத் தேனியில் இருந்தான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக நேரத்துக்கு முன்னால்.

டிரைவிங் ஸ்கூல் வெள்ளைத்துரை கையை நீட்டினார். "பைலக் கொண்டா."

சீட்டில் இல்லை, சீட்டுக்கு அடியிலும் இல்லை. போனைப் போட்டான். கன்னையன் பதினாலு தடவை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டான்.

"ஏப்பா, நடுரோட்டுல நின்னு கூத்தாடுனனே, கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு?"

"அண்ணே, பைலு..."

"அதுக்குத்தானே கை காட்டுனேன்! கடைய விட்டுட்டு நான் எங்கிட்டு வர? பால் வண்டிக்காரன்ட்டக் குடுத்துவிட்டேன். போடி வரைக்கும் அவனுக்குப் போற வழிதானே. அங்கிட்டு யார்ட்டயாச்சும் மாத்தி விடுவான். நீ கேட்டுலயே நில்லு."

நின்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டே கால், இரண்டரை. உள்ளே ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏறி ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார்கள். அனுப்பிரியா ஸ்டோரில் நாளை எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவாள் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. கூடை தூக்கப் போன புத்திதான் தப்பு.

இரண்டு ஐம்பதுக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று கேட்டில் வந்து முட்டி நின்றது. "இங்க ஜீப்பு அழகுராஜா யாரு? போடி பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரரு குடுத்தாரு. அவருக்கு யாரு குடுத்தான்னு தெரியல." பைலின் மேல் டீ கிளாஸ் வட்டம், பால் வாடை. ஆனால் தாள் எல்லாம் உள்ளே பத்திரம். கூடவே ஒரு மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கம் கன்னையன் எழுத்து: 'வீட்டம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. போற வழிதானே.'

அழகுராஜா சட்டைப் பையிலிருந்த சாம்பிள் கவரில் 'மூணு' என்ற இடத்தில் அந்தச் சீட்டை மடித்துச் செருகிவிட்டு, பஸ்ஸில் ஏறினான்.

நாலே கால் மணிக்கு, எஸ்டேட்டுப் பெண்களை ஏற்றப் போகும் வழியில், முந்தலில் யாரும் கை காட்டாமலே ஜீப்பு நின்றது. மாத்திரையை நீட்டினான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"அது கெடக்கட்டும். பாஸா?"

"பாஸு."

கன்னையன் ஒரு டீயைக் கூடுதல் ஏலக்காய் தட்டிப் போட்டார். பிறகு கேட்டார். "பள்ளிக்கூட பஸ்சு இந்தப் பக்கம் வருமா?"

"வராதுண்ணே. அது ராசிங்காபுரம் ரூட்டு."

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அடுத்த மாசம் யார்ட்டச் சொல்ல?"

அழகுராஜா டீ கிளாஸைக் கீழே வைத்தான். பையிலிருந்து சாம்பிள் கவரை எடுத்தான். பேனா வாங்கி, அனுப்பிரியா எழுதியதற்குக் கீழே எழுதினான். 'நாலு: மாசத்து மொத ஞாயிறு, கன்னையண்ணே மாத்திரை.'

"எதுக்குப்பா, உனக்குச் சுத்து வழி..." என்றார் கன்னையன்.

"போற வழி இல்லதாண்ணே. ஒங்களுக்குன்னே வர்றேன்."