தாய்க் கரைசல்

என் வீட்டுக்காரருக்கு அவர் அண்ணன் என்றால் உயிர். எனக்கோ அந்த ஆளைக் கண்டாலே வயிறு எரியும். காரணம் இருக்கிறது.

இருவரும் ஒரே ஆலையில்தான் வேலை பார்த்தார்கள். வைக்கோல், சோளத்தட்டை, கரும்புத் தோகை எல்லாவற்றையும் நறுக்கி, தண்ணீர் கலந்து, மூடிய தொட்டிக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு விடும். அது வண்டிகளுக்குப் போகும். அண்ணனிடம் ஒரு தொட்டி, தம்பியிடம் ஒரு தொட்டி. ஆலைக்குள்ளேயே அடுத்தடுத்த வீடு.

ஒருநாள் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். இனிமேல் ஒரு தொட்டிதான் ஓடுமாம். அதிக வாயு தருகிறவர் இருக்கலாம், மற்றவர் வேலையையும் வீட்டையும் விட்டுக் கிளம்ப வேண்டும்.

என் ஆளுக்கு எதிலும் அவசரம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டிய இரையை ஒரேயடியாகத் திணித்தார். தொட்டி புளித்துப்போய் வாயு நின்றது. புளித்த தொட்டியைச் சீக்கிரம் எழுப்ப ஒரு வழிதான் உண்டு. நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து கரைசல் எடுத்து ஊற்ற வேண்டும். அதைத் தாய்க் கரைசல் என்பார்கள். அதில் உயிர் இருக்கும்.

அண்ணனிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"இதுக்குப் போய் இவ்வளவு தயங்குவியாடா? நீ இரு, நானே கொண்டு வந்து தரேன்."

சொன்னபடியே பீப்பாய் நிறையக் கொண்டு வந்தார். இவர் கண் கலங்கிவிட்டது. ஊற்றினோம், காத்திருந்தோம். தொட்டி அசையவே இல்லை. எங்களைச் சாமான் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று அக்காவிடம், அதாவது அந்த அண்ணன் பெண்டாட்டியிடம், சொல்லிக்கொள்ளக் கொல்லைப்பக்கம் போனேன். வெந்நீர் அண்டாவைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் வைக்கோல் துணுக்குகளோடு கருகிய பற்று.

"என்னக்கா இது?"

"சோறு அடிப்பிடிச்சிருச்சு."

"வைக்கோல்லயா சோறு ஆக்குனீங்க?"

அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கரைசலைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டு, பிணத்தைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறார் பாவி!

வண்டியில் போகும்போதே இவரிடம் சொன்னேன். "வாயக் கழுவுடி. என் அண்ணன் அப்படிப்பட்ட ஆளா?" என்றார்.

அதன்பிறகு இவருக்குச் சந்தைக் கழிவைப் போடுகிற வேறொரு எரிவாயுத் தொட்டியில் தினக்கூலி. மூட்டைகளில் அழுகிக் கிடப்பதைக் கையால் பிரித்துப் போட வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பிடும் கையில் அந்த நாற்றம் போகாது. ஒழுகும் ஒற்றை அறை. நான் வாயை மூடிக்கொண்டு குடித்தனம் நடத்தினேன்.

அந்த வாசலில்தான் ஒருநாள் அந்த அண்ணன் வந்து உட்கார்ந்து அழுதார்.

"ரெண்டு தொட்டி இரையையும் ஒண்ணுல போடச் சொன்னான்டா முதலாளி. புளிச்சுப் போச்சு. நாளைக்குள்ள எழும்பலன்னா என்னையும் துரத்திருவான். பொண்ணுக்கு இப்பதான் கல்யாணம் பேசி முடிச்சோம்."

இவர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். மேஸ்திரியிடம் கெஞ்சி இரண்டு கேன் தாய்க் கரைசல் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். "வாண்ணா, வண்டி பிடிச்சிட்டு வரலாம்" என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் கரைசலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். நுரைத்துப் பொங்கியது. அக்கா மாதிரி அடிப்பிடிக்க விடவில்லை, கிண்டிக்கொண்டே இருந்தேன். கல்யாணம் பேசியிருந்த அந்தப் பெண்ணின் முகம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைக்கவில்லை. நன்றாகக் கொதித்த பிறகு கேன்களில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றினேன்.

திரும்பி வந்ததும் அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்தார். அந்த வெந்த வாடை அவருக்கா தெரியாது? முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"என்ன மாமா, பழகின வாசனைதானே?" என்றேன்.

"ஏண்ணா, கரைசல் சரியில்லையா?" என்று இவர் பதறினார்.

அண்ணன் வாயைத் திறந்தார். வெந்துபோனது உனக்கு எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டால் என்ன சொல்வார்?

"நல்லாத்தான்டா இருக்கு."

இவர் உள்ளே போய், எங்களிடம் இருந்த ஒரே போர்வையை எடுத்து வந்து கேன்களைச் சுற்றினார். "சூடு குறைஞ்சா உசுரு போயிரும்ணா. மடியிலயே வச்சுக்க."

அவர் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

"அக்காவக் கேட்டேன்னு சொல்லுங்க மாமா!" என்றேன்.