தோளில் மிஞ்சிய கை

"அக்காவின்ர நினைவு மலரில ஸாஹித்தின்ர பேரையும் போடுங்கோ, அப்பா."

அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவே கூடாதென்று அம்மா சொல்லியிருந்தார்.

"வீட்டில முதல் டிகிரி எடுத்தாப்போல நீ பெரியாளோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் அப்பா.

அக்காவும் அவள் காதலித்த ஸாஹித்தும் ரொறொன்ரோவிலிருந்து காரிலேயே கிளம்பி, அமெரிக்காவின் மலைப் பாலைவனங்களைத் தாண்டி உப்புவெளிவரை போனார்கள். திரும்பும் வழியில் கார் புரண்டு இருவரும் ஒன்றாகவே செத்தார்கள். உப்புவெளியில் நின்று அனுப்பிய படத்தில் ஸாஹித்தை வெட்டிவிட்டுத்தான் அப்பா அச்சுக்குக் கொடுத்திருந்தார். அக்காவின் தோளில் அவனுடைய கை மட்டும் மிஞ்சியிருந்தது.

"உந்தக் கையையும் அழிக்கச் சொல்லிப்போட்டன்," என்றார்.

முழுப்படம் காலையிலிருந்தே என் பையில் இருந்தது.

"ரெக்ஸ்டேலில அவன்ர அம்மா தனிய அழுதுகொண்டிருக்கிறா. நான் அங்க போறன். மலரில என்ர பேரும் வேண்டாம்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியேறினேன்.